தண்ணீர் எங்கே போகிறது?

பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போயிருக்கிறீர்களா? ஏதாவது ஒரு வளைவின் ஓரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பழைய கார் நிற்கும். பக்கத்தில் ஒரு குடும்பம் காத்திருக்கும். அப்பாவின் கையில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல். அது வழியில் வாங்கியதாக இருக்காது. காரின் பின்பெட்டியில், உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், குழாய்த் தண்ணீரோடு மாதக்கணக்கில் குடியிருப்பது. அதை முன்னெச்சரிக்கை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய செடான் காரில் வரக்கூடிய ஆகப் பெரிய செலவின் முதல் அறிகுறியே அந்தப் போத்தல்தான் என்பது என் கருத்து.

காரணம் எளிது. ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், வாட்டர் பம்ப், என்ஜினுக்குள் இருக்கும் வழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. நல்ல நிலையில் இருக்கும் காரில் அந்தச் சுற்றிலிருந்து தண்ணீர் குறைவது மிகவும் அற்பம். வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அது எங்கோ வெளியேறுகிறது. போத்தல் வைத்திருப்பவர் அந்த “எங்கே” என்ற கேள்வியைத் தள்ளிப் போடுகிறார். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் அந்தப் போத்தல் இருந்தது. 12 வயதான ஒரு செடானை வாங்கிய அப்பா, காலையில் துளசிச் செடிக்கு ஊற்றிய கையோடு ரேடியேட்டருக்கும் ஊற்றுவார். ஏறக்குறைய ஓராண்டு அப்படியே ஓடியது. ஒரு நாள் நெடுஞ்சாலையில் புகை கிளம்பி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். பில் 1,800 ரிங்கிட். தவுக்கே எங்களிடம் எடுத்துக் காட்டிய மூல காரணம், கிளிப்பின் அருகே வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாய். அதன் விலை 35 ரிங்கிட்.

இதில் உள்ள அறிவியல் உங்கள் படிவம் 4 பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ‘முவாத்தான் ஹாபா தெந்து’ என்று மலாயில் படிக்கிறீர்களே, அதைத்தான் தமிழில் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறோம். தண்ணீருக்கு அது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல். மலை ஏறும் ஒரு சிறிய என்ஜின், குளிர்விக்கும் நீருக்குள் வினாடிக்கு 20,000 ஜூல் வெப்பத்தைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மின்கெட்டில்களை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். சுற்றில் 5 லிட்டர் நீர் இருந்தால் 5 × 4,200 = 21,000. அதாவது ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். என்ஜினின் உலோகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் உண்மையில் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். நீரே 3 லிட்டராகக் குறைந்திருந்தால்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சூடு மிஞ்சினால் அடி வாங்குவது சிலிண்டர் ஹெட். சாலையில் இன்னும் ஓடும் புரோட்டோன் வீரா போன்ற பல பழைய செடான்களில் என்ஜினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டையும் 70 டிகிரி சூடேற்றினால் அலுமினியம் 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும், இரும்பு 0.3 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இந்த இழுபறியைத் தினமும் தாங்குகிறது. அளவு மீறிச் சூடாகும்போது ஹெட் சீராக விரியாமல் வளைந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு வளைந்தாலே கேஸ்கட்டின் அடைப்பு விட்டுப்போகலாம். பிறகு நீர் எண்ணெய்க்குள் போகும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தே தாரேக் நிறத்தில் ஒரு குழம்பு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த பட்டறைக்காரர் முகத்தைப் பார்த்தாலே பில் புரிந்துவிடும்.

“கூலன்ட் எதற்கு? நம் ஊரில் பனியா பெய்கிறது?” என்று கேட்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடச் சற்று மேலானதுதான். ஆனால் கூலன்ட் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை. கொதிநிலையை உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, அதில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்கள் அலுமினியத்தையும் இரும்பையும் காக்கின்றன. குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற அவை நீர்த்துப் போகின்றன. கடைசியில் பழுப்பு நிற நீர்தான் மிஞ்சும். அந்தத் துரு ரேடியேட்டரின் குறுகிய வழிகளை அடைக்கும். ஆக, சூட்டைத் தணிக்க ஊற்றிய தண்ணீரே நாளடைவில் சூட்டைக் கூட்டுகிறது.

சரி, நீர் எங்கே போகிறது? வயதான ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், கசியும் வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பகுதியில் ஒரு வெடிப்பு, அல்லது வில் தளர்ந்த ரேடியேட்டர் மூடி. மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது வெறும் மூடியன்று, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால்தான் நல்ல மூடி போட்ட சுற்றில் நீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி ஏறக்குறைய 20 ரிங்கிட், தெர்மோஸ்டாட் 50, வாட்டர் பம்ப் 100 முதல் 200 வரை. காருக்கு ஏற்பவும் ஊருக்கு ஏற்பவும் விலை மாறும், ஆனால் ஆயிரத்தைத் தொடாது.

அந்த மூடி பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூடான என்ஜினில் அதைத் திறக்காதீர்கள், அப்பாவையும் திறக்க விடாதீர்கள். 110 டிகிரியில் 5 லிட்டர் நீர் இருக்கிறது. மூடி திறந்த கணத்தில் கொதிநிலை 100க்கு இறங்கிவிடும். மிஞ்சிய 10 டிகிரி வெப்பம் ஏறக்குறைய 90 கிராம் நீரை ஆவியாக்கும். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அந்த ஆவி 150 லிட்டர் இடம் கேட்கும். அது மீதி வெந்நீரையும் தூக்கிக்கொண்டு முகத்துக்கு நேராகத்தான் வரும். என்ஜினை நிறுத்தி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் குழாய் கைக்குச் சுடாத பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

முள்ளை நம்பலாமே என்கிறீர்களா? பல கார்களில் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது நேரம் கடந்திருக்கும். உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீர் முழுதும் வெளியேறிவிட்டால், கொதிக்கும் காரிலும் முள் கீழே இறங்கக்கூடும்.

மற்றக் கோளாறுகளும் பெரும்பாலும் இதே கதைதான். டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். உறையைச் சில பத்து ரிங்கிட்டில் மாற்றலாம். திருப்பத்தில் ‘டக் டக்’ சத்தம் வந்துவிட்டால் ஷாஃப்ட்டுக்கே சில நூறு போகும். டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எங்கள் 1,800 ரிங்கிட் பில்லை அந்தத் தவுக்கே எழுதவில்லை, ஓராண்டாக நாங்கள்தான் எழுதிக்கொண்டிருந்தோம். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாளைக் காலை, என்ஜின் சூடாவதற்கு முன், பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டாங்கியில் நீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அந்த வாரம் யாரும் எதுவும் ஊற்றக்கூடாது. ஏழாம் நாள் அதே காலை நேரத்தில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தால், கேமரன் மலைக்குக் கிளம்புவதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.