இரவு உணவில்லாத குடிசைகளின் நோய்

2019 சூன் மாதத்தில் பீகாரின் முசாபர்பூரிலும் அண்டை மாவட்டங்களிலும் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டபோது, அதனை மர்மக் காய்ச்சல் என்றே ஊடகங்கள் எழுதின. மர்மம் ஏதும் அப்போது எஞ்சியிருக்கவில்லை. மக்கள் 'சம்கி' என்றழைக்கும் இந்நோய் 1995 முதலே லிச்சி பழுக்கும் பருவத்தில் அங்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இது கிருமியால் அன்று, நச்சுப்பொருளால் வருவதாகலாம் என்று வேலூரைச் சேர்ந்த நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் முகுல் தாசும் 2014இலேயே எழுதினர். அவ்வாண்டு இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேருள் 122 பேர் இறந்தனர். அவர்களைப் பற்றி இந்திய, அமெரிக்க அறிஞர்கள் செய்த ஆய்வு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. லிச்சி தின்றுவிட்டு இரவு உணவின்றி உறங்கிய குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி என்றது அது.

வயிறார உண்ட குழந்தையின் கல்லீரலில் சர்க்கரை இருப்பு உண்டு. மெலிந்த குழந்தைக்கு அது நள்ளிரவிலேயே தீர்ந்துவிடும். அப்போது கொழுப்பை எரித்து உடல் சமாளிக்க வேண்டும். லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் அவ்வழியை அடைத்துவிடுகிறது. விடியலில் வலிப்பு. உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பல உயிர்கள் தப்பும். கடும் வெயிலே முதற்காரணம் என்று வாதிடும் மருத்துவர்களும் உள்ளனர். வெயிலும் பசியும் ஒரே குடிசையில்தானே குடியிருக்கின்றன!

பழத்தைக் குற்றஞ்சாட்டுவது அரசுக்கு வசதியானது. ஆனால் 2019இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் மாநில அரசு எடுத்த கணக்கெடுப்பே வேறு கதை கூறிற்று. நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் வறுமைக் கோட்டின்கீழ் வாழ்ந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குக் குடும்ப அட்டையே இல்லை. பெரும்பாலோர் தலித், மகாதலித், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அங்கன்வாடி உணவு பகலில் கிடைப்பது. பள்ளி மதிய உணவோ கோடை விடுமுறையில் நின்றுவிடுகிறது. உயிர் காப்பது இரவுச் சோறு என்று ஆய்வு சொன்ன பின்னரும், லிச்சிப் பருவத்தின் சில வாரங்களுக்கேனும் சேரிகளில் மாலை உணவு வழங்குவதை உரிமையாக்கும் சட்டம் ஏன் இல்லை? "பிள்ளைகளைப் பட்டினியாகத் தூங்க வைக்காதீர்கள்" என்று தாய்மாருக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. அடுப்பில் வைக்க அரிசி இல்லாதவளிடம்!

வைசாலி மாவட்டத்தின் ஹரிவன்ஷ்பூர் கிராமத்தார் குழந்தைகளின் சாவையும் குடிநீர் இன்மையையும் எதிர்த்து அதே சூனில் சாலையை மறித்தனர். காவல்துறை அவர்களுள் 39 பேர்மீது வழக்குப் பதிந்தது.