எந்தக் கம்பியை இழுப்பது?

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் கண்டியர் விடியற்காலைப் புகையிரதத்தைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாய் விரைந்த காலம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. எனினும், 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், புகையிரத நிலையத்தை எட்டிப் பாராமலே கொழும்புக் கந்தோரில் வேலை பார்ப்போர் நம் அயலிலும் பலராயினர். கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் மேசை போட்டு அமர்ந்து, கடல் கடந்த நிறுவனமொன்றின் கணக்கேட்டைச் சரிபார்க்கும் இளைஞரையும் நாம் அறிவோம். இத்தகைய வீடுகளிலிருந்து அடிக்கடி நம்மிடம் வரும் வினா ஒன்றுண்டு: "ஐயா, எந்த இணைய இணைப்பை எடுத்தால் கந்தோர் வீ.பி.என். அறுந்து போகாமல் நிற்கும்?" பாடத்தில் ஐயம் கேட்க ஒருநாளும் வாராத பழைய மாணவர்கள்கூட இதனைக் கேட்க வருகின்றனர். ஆதலின் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

வீ.பி.என். என்னும் சொல் கண்டி மக்களுக்குப் புதிதன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் வன்செயல் மூண்டபோது, அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரு வாரம் தடைசெய்தது. உறவினர் நலமறியத் துடித்தோர் அத்தடையைச் சுற்றிச் செல்ல நாடியது இச்சாதனத்தையே. அதனாற்போலும், வீ.பி.என். என்றாலே பூட்டிய கதவைத் திறக்கும் கள்ளச் சாவி என்ற எண்ணம் பல பெற்றோரிடம் ஊன்றிவிட்டது. கந்தோர் கொடுக்கும் வீ.பி.என். அத்தகையதன்று. ஊரார் யாவரும் நடக்கும் பெருவீதியின் அடியில், நம் வீட்டுக் கணினிக்கும் கந்தோர்க் கணினிக்கும் இடையே வெட்டிய தனிச் சுரங்கவழி அது.

அதன் செயலை விளங்கிக்கொள்ளத் தபாலை நினைத்தாற் போதும். கடிதத்தை மறைமொழியில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அவ்வுறையை மற்றோர் உறையிலிட்டு அனுப்புவது போன்றது அது. உறைக்குள் உறையிட்டால் பருமன் கூடுமன்றோ? இணையத்தில் ஒரு பொதி 1500 பைட்டுக்கு மேற்படலாகாது என்பது வழக்கமான அளவு. சில இணைப்புகளில் 8 பைட்டுகள் இணைப்பின் சொந்தத் தேவைக்கே போய்விட, 1492 எஞ்சும். அதிலிருந்து வெளியுறை தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். இக்கணக்குப் பிசகினால் சிறு செய்திகள் செல்லும். பெரிய கோப்புகள் நடுவழியில் நின்றுவிடும். "இணைப்பு இருக்கின்றது, வேலைதான் நடக்கவில்லை" என்று சிலர் தலையிலடித்துக்கொள்வது இதனாலேயே. கந்தோரின் கணினிப் பிரிவினர் பொதியின் அளவைச் சற்றுக் குறைத்துவிட்டால் தீரும் நோய் இது. மாதக் கட்டணத்தைக் கூட்டித் தீர்வதன்று.

கட்டணம் என்றதும் ஒரு குடும்பத்தின் நினைவு வருகின்றது. கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்து நம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, கணக்கியற் பரீட்சைகளில் தேறி, வீட்டிலிருந்தே செய்யும் உத்தியோகம் ஒன்றைப் பெற்றாள். அவர்களுடைய லயத்திற் கந்தோர் உத்தியோகம் பெற்ற முதற் பெண் அவள். வீதியோரம் வரை வந்த ஒளியிழை, லயத்துக்குச் செல்லும் பாதையில் ஏறவில்லை. 4ஜி கம்பியில்லா இணைப்பே கதி. ஒரு பத்திரத்தை ஊன்றிப் படித்துவிட்டுத் திரும்பினாலும், ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் சுரங்கவழி அறுந்திருக்கும். மேலதிகாரி அவள் மேசையில் இல்லை என்று கருதி இரு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினார். வேகம் போதவில்லை என்று எண்ணிய தந்தையார், சீட்டுப் பணத்தை எடுத்து இருமுறை பெரிய திட்டத்துக்கு மாறினார். பயன் இல்லை.

குறை வேகத்தில் அன்று, முகவரியில் இருந்தது. மலையகத்து வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. லயத்துக் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் கந்தோரிற் பிரிக்கப்பட்டே கைக்குக் கிடைப்பது நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கிடைத்த துயரக் கதைகள் நாம் கேளாதனவல்ல. உலகில் பழைய முறை இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபின், நிறுவனங்களும் பல வீடுகளை ஒரே பொது முகவரியின்கீழ் வைக்கின்றன. கம்பியில்லா இணைப்புகளில் இது சாதாரணம். வாயிலில் நிற்கும் கணினி, எவ்வீட்டார் எவருக்கு எழுதினர் எனக் குறித்துவைத்து, வரும் பதிலைப் பிரித்துக் கொடுக்கும். சிறிது நேரம் பேச்சு மூச்சு இல்லையேல் அக்குறிப்பைக் கிழித்தெறிந்துவிடும்; பின் வரும் பதிலுக்கு வீடு தெரியாது. அம்மாணவியின் கந்தோரார், 25 விநாடிக்கொருமுறை "இருக்கின்றேன்" என்று சொல்லும் சிறு பொதியொன்றை அனுப்புமாறு அமைத்துக் கொடுத்தனர். மூன்றாம் கடிதம் வரவில்லை. சீட்டுப் பணமும் திரும்பி வரவில்லை.

இனி, எதனைத் தெரிவது? வாயிலில் ஒளியிழை வந்திருக்குமாயின் வேறொன்றை எண்ணவேண்டா என்பதே நம் துணிபு. பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில், பரிவர்த்தனை நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகம் தேயும். அன்றியும், ஏ.டி.எஸ்.எல். முறையில் இறங்கும் வேகத்துக்கும் ஏறும் வேகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது; இறங்குவது 24 மெகாபிட் வரை போகலாம், ஏறுவது ஒன்றிரண்டைத் தாண்டாது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இறங்கும் வேகமே. படம் பார்ப்போருக்கு அது போதும். முகம் காட்டிக் கூட்டத்தில் பேசுவோருக்கும் கோப்பு அனுப்புவோருக்கும் ஏறும் வேகமே உயிர். ஒளியிழை இருபது கிலோமீற்றர் வரை தளராது செல்லும். மற்றொன்று: சித்திரையிலும் ஐப்பசியிலும் ஹந்தானைக்கு மேல் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால், செப்புக் கம்பி மின்னலின் தாக்கத்தை வீட்டுக்குள்ளே அழைத்து வரும். கண்ணாடி இழை அவ்விருந்தாளியை அழைத்து வராது.

ஒளியிழை வாராத இடத்தில் கம்பியில்லா இணைப்புத்தான். ஆயின் நம் ஊர் மலையூர். கோபுரத்தைக் கண்ணாற் காணும் வீட்டுக்கும், ஒரு மேட்டின் மறைவிலுள்ள அடுத்த வீட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை. கூரைமேல் வெளி அன்ரெனா பொருத்துவது பெரிய திட்டத்தைவிடப் பயன் தருவதுண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்துவிட்டது. அதற்குத் திறந்த வானம் வேண்டும். பலாவும் மாவும் கவிந்த முற்றத்தில் அது தடுமாறும், கனமழையிலும் தளரும். விலையும் எல்லார்க்கும் எட்டுவதன்று.

வெளிக்கம்பியைப் பற்றி இவ்வளவு ஆராய்வோர் உட்கம்பியை மறந்துவிடுகின்றனர். பொருத்த வந்தவர் தமக்கு வசதியான இடமென்று முன் விறாந்தையில் றவுட்டரை ஆணியடித்துப் போவார். வேலை செய்யும் அறையோ மூன்று சுவர்களுக்கு அப்பால் இருக்கும். கண்டியின் பழைய வீட்டுச் சுவர்களின் தடிப்பு நாம் அறிந்ததே. அலை நலிந்து ஒரு கணம் விட்டுப் பிடித்தாலும் படம் பார்ப்பவர் அறியார், சுரங்கவழி அறுந்துவிடும். றவுட்டரிலிருந்து மேசைவரை ஒரு கெட்-6 கம்பி இழுத்துவிட்டால் இத்தொல்லை ஒழியும். நூறு மீற்றர் வரை அது தாங்கும். எந்த வீடு அவ்வளவு நீளம்?

பணம் கட்டுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நீங்கள் எடுக்க எண்ணும் இணைப்பை ஏற்கெனவே எடுத்திருக்கும் அயலார் வீட்டுக்கு மடிக்கணினியோடு போய், ஒரு நாள் வேலையை அங்கிருந்தே செய்து பாருங்கள். ஒரு பொதி பிஸ்கற்றுடன் போனால் மறுப்பவர் யார்? மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்கும் நேரமும் அச்சோதனைக்குள் அடங்கட்டும். நிறுவனத்தாரிடம் ஏறும் வேகம் எவ்வளவு, பொது முகவரி தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். சில கந்தோர்கள் குறித்த முகவரியிலிருந்து வருவோரையே உள்ளே விடும்; அங்கு வேலை பார்ப்போர் இதனைக் கேளாமல் ஒப்பமிடலாகாது.

மின்சாரம் போனால்? 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்ததை மறந்திருக்கமாட்டோம். ஒளியிழைப் பெட்டியும் றவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குவன. கைக்கடக்கமான மின்கலப் பெட்டியொன்று சில மணிநேரம் அவற்றைத் தாங்கும். வாங்கச் செல்லுமுன், இரண்டின் மின்னிணைப்பிகளிலும் பொறித்துள்ள வோல்ட், அம்பியர் அளவுகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் மதிப்பிட்டுத் தருவது பொருந்தாமற் போகலாம்.