கையோடு வருமா? அரேஞ்சர் கீபோர்டு குறித்துச் சில எண்ணங்கள்

அரேஞ்சர் கீபோர்டு வாங்கச் செல்பவரிடம் கடையில் முதலில் சொல்லப்படுபவை எண்ணிக்கைகளே: இத்தனை நூறு டோன்கள், இத்தனை நூறு ஸ்டைல்கள். அக்கருவியைச் சுமந்து சென்று வாசித்துப் பிழைப்பவரின் முதற்கேள்வி வேறு: இது என்னோடு வருமா? இந்தக் கேள்வியை இசைக்கருவியியல் ஆய்வும் முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இடக்கை ஒரு கார்டைப் பிடித்தால், அதற்கேற்பத் தாளம், பேஸ், கிட்டார் உள்ளிட்ட பின்னணியைக் கருவியே எழுப்பும். வலக்கை மெட்டை வாசிக்கும். நான்கைந்து கலைஞர்களின் வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இது. ஆகவேதான் ஜாகரண் மேடை, தேவாலயம், திருமண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா என நாடெங்கும் அது பரவியிருக்கிறது.

இந்தியாவில் ஒரு மேலைக் கருவி வேரூன்றிய வரலாற்றை ஹார்மோனியத்திடம் கற்கலாம். 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபெய்ன் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம், நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வாசிக்கப்பட்டது. 1875ஐ ஒட்டிக் கொல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் உருவாக்கிய கை ஹார்மோனியத்தில் துருத்தி பின்புறத்துக்கு வந்தது. தரையில் அமர்ந்தபடி ஒரு கை துருத்தியை இயக்க, மறுகை வாசித்தது. சுரங்களின் நுண்ணிய இடைவெளிகளும் கமகமும் அதில் அமையா என்று இசை அறிஞர் பலர் எதிர்த்தனர். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. எதிர்த்தோரின் வாதத்தில் இசையியல் நியாயம் இருந்தது. ஆயினும் பஜனையும் கவ்வாலியும் நாடகமேடையும் அக்கருவியைக் கைவிடவில்லை. ஒருவர் தனியே தூக்கிச் செல்லலாம், மின்சாரம் வேண்டா, பாடுபவரின் அருகிலேயே வைத்து வாசிக்கலாம். குறை இருந்தும் அது நிலைத்ததற்கு இவையே பெருங்காரணம்.

இன்றைய அரேஞ்சர்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். காசியோவின் சிடி-எஸ்200 ஏறத்தாழ 3.3 கிலோ எடை, கைப்பிடி உண்டு, ஆறு சிறிய பேட்டரிகளில் இயங்கும். ஆனால் விரலின் அழுத்தத்தை அது உணராது. சுரத்தை வளைக்கும் சக்கரமும் இல்லை. மறுமுனையில் யமஹாவின் ஜெனோஸ் வியத்தகு திறன்கள் கொண்டது. எடையோ ஏறத்தாழ 13 கிலோ. அதில் ஒலிபெருக்கி உள்ளமைந்திருக்கவில்லை, பேட்டரியும் இல்லை. 61 கட்டைகளுடைய பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900கூட 11 கிலோவைத் தாண்டுகிறது. நீளம் ஒரு மீட்டர். உறை, தாங்கி, பெடல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு இதைப் பொதுப்பெட்டியிலோ இருசக்கர வண்டியிலோ கொண்டு செல்பவரின் தோளை நினைத்துப் பாருங்கள். எடை குறைந்தால் திறன் குறைகிறது. திறன் கூடினால் மின்செருகியை விட்டு நகர முடிவதில்லை. நடுநிகழ்ச்சியில் மின்தடை நேர்வது அரிதல்லாத நாட்டில் இது சிறு குறையன்று.

‘இந்தியப் பதிப்பு’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிகள் இதற்கு விடையாகுமா? தபேலா, சிதார், தம்பூரா ஒலிகள் அவற்றில் உள்ளன. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒலிகள் இந்தியாவுக்கு வந்த அளவுக்குக் கருவியின் இலக்கணம் வரவில்லை. பெரும்பாலான அரேஞ்சர்களில் சக்கரமோ நெம்புகோலோ இடப்பக்கத்தில் உள்ளது. கமகத்துக்காக இடக்கை அதைத் தொட வேண்டும். அதே இடக்கைதான் கார்டையும் பிடிக்க வேண்டும். தாளத்திலும் இச்சிக்கல் உண்டு. பதினாறு மாத்திரைத் தீன்தாளை நான்கு பார்களாக அமைத்து வாசிப்பதாகக் கொள்வோம். இரண்டாம் பாரில் ஃபில்-இன் பொத்தானை அழுத்தினால், ஒரு பார் நிரப்பு முடிந்ததும் பல கருவிகளில் சுழற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். சமம் முன்னதாகவே விழுந்துவிடும். ஆவர்த்தனக் கணக்கு அறிந்த பாடகர் அங்கே தடுமாறாமல் என்ன செய்வார்?

இவை தீர்க்க முடியாத தடைகள் என்று எவரும் சொல்ல வேண்டா. மேற்காசிய இசையின் கால்சுரங்களுக்காகச் சுரங்களை ஒவ்வொன்றாக இறக்கும் பொத்தான்களை முகப்பிலேயே வைத்த கருவிகளை யமஹாவும் கோர்க்கும் நெடுங்காலமாக விற்று வருகின்றன. அங்கே இசையின் தேவை கருவியின் முகப்பை மாற்றியது. நம்மிடம் அது பெரும்பாலும் ஒலிப்பட்டியலை நீட்டியதோடு நின்றுவிட்டது.

மூன்றாவதாக ஒரு சுமை உண்டு. அது எடைத்தட்டில் ஏறாது. கலைஞர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, தம் பகுதியின் தாளக்கட்டுகளைத் தாமே ஸ்டைல்களாக அமைத்து, பாட்டுக்குப் பாட்டு ஒலிகளைத் தேர்ந்து சேமித்து வைக்கிறார். வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறும் நாளில் அவ்வுழைப்பு அவரோடு வருவதில்லை. 1983இல் மிடி நெறிமுறை வந்ததால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசின. ஸ்டைல் கோப்புகளுக்கு அப்படியொரு பொதுமொழி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வடிவத்தைப் பேணுகிறது. மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு; ஒலிகளின் பொருத்தம் குலைந்து, மீண்டும் கையால் திருத்த வேண்டியதாகவே பெரும்பாலும் வந்து சேரும். கருவி பழுதானால் புதிது வாங்கலாம். பூட்டப்பட்ட உழைப்பை எங்கே வாங்குவது?

ஆகவே நான் வேண்டும் அரேஞ்சருக்கு ஆயிரம் டோன்கள் தேவையில்லை. ஆறேழு கிலோவுக்குள் எடை; ஒரு நிகழ்ச்சி முழுதும் தாங்கும் மின்கலம்; தரையில் வைத்தும் வாசிக்கத்தக்க முகப்பு; ஆவர்த்தனத்தை முறிக்காத தாள இயந்திரம்; எந்தக் கருவிக்கும் எடுத்துச் செல்லத்தக்க பொதுக்கோப்பு. இவ்வைந்தில் கடைசியதற்குப் புதிய தொழில்நுட்பம் ஏதும் வேண்டா, நிறுவனங்களின் இசைவு போதும்.

இசைத்துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கருவியைத் தரம் குறைந்த வணிகப்பொருள் என்று ஒதுக்காதீர்கள். பெயர் அறியப்படாத எத்தனையோ கலைஞர்களின் தாள அறிவு இக்கருவிகளின் நினைவகங்களில் எழுத்தில்லாமல் கிடக்கிறது. அதைக் களப்பணியில் கேட்டுப் பதிந்து, பொதுவடிவில் பாதுகாப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுந்த பணி. நினைவகம் அழிந்த கருவிகள் பழைய இரும்புக் கடைக்குச் செல்லுமுன் அப்பணி தொடங்கட்டும்.