பழைய பைக்கும் நானுஓயா ஏற்றமும்



சீட்டுக் காசையும் கைவளையலையும் சேர்த்து வீட்டுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியாயிற்று. கொழும்பிலோ கண்டியிலோ ஓட்டிப் பார்த்தபோது குதிரை போல ஓடிய வண்டி, நானுஓயாவுக்கு வந்ததும் முக்கி முனகுகிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. காலையில் இலேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. வளைவில் திரும்பும்போது தலையை ஆட்டுகிறது. வீட்டிலே ஒரே பேச்சு, "நம்மை ஏமாற்றி விட்டான்!"

ஏமாற்றியிருக்கலாம். ஆனால் பாதிக் குற்றம் நமது மலைக்கும் உண்டு. நானுஓயா ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,620 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இவ்வுயரத்தில் காற்று கரையோரத்தைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு மெலிந்திருக்கும். காபரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இது தெரியாது. கொழும்பில் கொடுத்த அதே அளவு பெற்றோலை இங்கேயும் கொடுத்துக்கொண்டிருக்கும். அடுப்பில் விறகை அதிகம் திணித்து, ஊதுகுழலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? புகைதான் வரும், சூடு வராது. அதே கதைதான். கறுப்புப் புகை, பெற்றோல் வாடை, இழுவைக் குறைவு, லீற்றருக்கு ஓடும் தூரமும் குறைவு. இதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. முதலில் எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். அது தூசி அடைத்திருந்தாலும் இதே குறிதான் காட்டும். பிறகு பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். நுனி காய்ந்த கரியாக இருந்தால் பெற்றோல் அதிகம். காபரேட்டரைச் சுத்தம் செய்து, மலைக்கு ஏற்றபடி திருகைத் திருத்தி, தேவையானால் ஒரு அளவு சிறிய ஜெட் போட்டால் போதும். நுனி எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் அதுதான் செலவு. இன்ஜின் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வெள்ளையாக ஆவி வந்து, இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிட்டால் பயம் வேண்டாம். நம் வாயிலிருந்து வரும் ஆவியைப் போன்றதுதான் அதுவும். பழுப்பு நிற நுனியோ, நல்ல சகுனம்.

ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. "பிளேட் செட் மாற்ற வேண்டும்" என்று கராஜில் உடனே சொல்வார்கள். அதற்கு முன், கிளட்ச் பிடியின் நுனியை நீங்களே விரலால் அசைத்துப் பாருங்கள். ஒரு விரல் அகலமாவது சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கேபிள் இறுகியிருக்கிறது; அதைத் தளர்த்துவதற்குக் காசே வேண்டாம். கார் ஒயிலை ஊற்றியிருந்தாலும் சில வண்டிகளில் கிளட்ச் வழுக்கும்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று போய், சற்றுப் பொறுத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? பெற்றோல் டாங்கி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கலாம். நின்றவுடன் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மழைக்காலமானால் பெற்றோலில் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

இதுவரை சொன்னது வண்டியை வழியிலே நிறுத்தும் கோளாறு. நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். இனிச் சொல்வது ஆளைக் கிடங்கில் தள்ளும் கோளாறு. கையில் பணம் குறைவானால் முதலில் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆண்கள் இன்ஜின் சத்தத்தைத்தான் முதலில் கவனிப்பார்கள்!

2023 ஜனவரி 20ஆம் தேதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ், வேனையும் முச்சக்கர வண்டியையும் மோதி 7 உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இறக்கத்தில், அந்த மூடுபனியில் நம் வீட்டுப் பிள்ளை இரண்டு சக்கரத்தில் போகிறான்.

வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல 'டக்'கென்று நிற்கிறதா? கழுத்துப் பேரிங், அதாவது மெக்கானிக்குகள் கோன்செட் என்பது, தேய்ந்துவிட்டது. வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காததற்கு இதுவே பெரிய காரணம். அடுத்து முன்சக்கரத்தின் இரு பக்கக் குழாய்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். லொடலொடவென்று ஆடினால் அதே பேரிங் தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தும் ஆட்டம் தெரிந்தால், புஷ்ஷோ சக்கரப் பேரிங்கோ போயிருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். பிரேக் உரசிக்கொண்டே இருந்தாலும் ஏற்றத்தில் இழுவை குறையும்.

வண்டி எப்போதும் ஒரு பக்கமாக இழுத்தால் செயின் இறுக்கும் இடத்தைக் கவனியுங்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் கோடு போட்ட அடையாளம் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நின்றும் இழுக்கிறதென்றால் வண்டி எங்கேயோ விழுந்து முன்குழாய் வளைந்திருக்கலாம். அதை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். டயரில் காற்றும் முக்கியம். பல 100 சீசீ வண்டிகளுக்கு முன்னே 25, பின்னே 28 அளவில் வைப்பார்கள். பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்குக் கூட்ட வேண்டும். டயர் வழுவழுப்பாகிவிட்டிருந்தால், மழையும் தேயிலைத் தோட்டத்துச் சேறும் கலந்த பாதையில் எந்த பேரிங்கும் காப்பாற்றாது.

இன்னொரு பழக்கத்தையும் வீட்டிலே கேட்டறியுங்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பலர் இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்னும் விடவில்லை. அப்படி இறங்கும்போது முழுச் சுமையும் பிரேக்கின் மேல். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்புக் குறைந்துவிடும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். மிச்சமாகும் பெற்றோல் ஒரு தேநீர்க் காசு.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பவும் திறந்தது. இடையில் பல கை மாறிய வண்டிகள் சந்தையில் ஏராளம். ஆகவே பதிவுப் புத்தகத்தில் உள்ள இன்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா, லீசிங் கம்பனியின் பெயர் ஏதும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாமல் முடித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பெயரில் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் படும்பாடு பெரிது.

பழுது பார்த்து வந்த அன்றே குழந்தையோடு ஏறிவிடாதீர்கள். ஓட்டுபவர் தனியே பிளக்பூல் வரை ஏறி இறங்கி வரட்டும். திரும்பி வந்ததும் இரண்டு சக்கரத்தின் நடுவையும் கை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அடுப்புப் போலச் சுட்டால் அந்தப் பிரேக் இறுகி ஓடியிருக்கிறது. பின்சக்கரத்தில் சேலைத் தடுப்புக் கம்பி கழற்றப்பட்டிருந்தால் மாட்டச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் அழகுக்காக அதைக் கழற்றிவிடுகிறார்கள். அபாயாவின் ஓரத்தையும் ஷாலின் நுனியையும் மடித்துச் செருகிக்கொண்டு, உங்கள் ஹெல்மெட்டின் வாரையும் பூட்டிய பிறகே "சரி, போகலாம்" என்று சொல்லுங்கள்.