கிளச் மாற்றலாம், தனியாக வேண்டாம்

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் குழுவில் ஒரு தம்பி தன் காரைப் பற்றிச் சொன்னார். அக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் ஏறினால் எரிந்த வாசம். கராஜில் 750 பவுண் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்தக் காரை வாங்கியதே 1,400 பவுணுக்கு. அவருக்கு விடிய 4 மணிக்கு வேலை தொடங்குகிறது. அந்த நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் பஸ் இல்லை. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"நாங்களே மாற்றுவோம்" என்று ஒருவர் சொன்னதும் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் சேர்ந்து மாற்றினோம். அந்த அனுபவத்தை வைத்து எங்கள் கருத்தை இங்கே எழுதுகிறோம்: கிளச்சை வீட்டில் மாற்றலாம், மாற்றப் பழகவும் வேண்டும். ஆனால் யாரும் தனியாகச் செய்யக்கூடாது.

முதலில், ஏன் இவ்வளவு செலவு? கிளச் என்பது எஞ்சினோடு சுழலும் பாரமான ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் நெரிபடும் ஒரு தட்டு. அது தேய்ந்தால் வழுக்கும். தட்டு சிறியது, ஆனால் அது எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையில் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் கியர் பொக்ஸையே கழற்றி இறக்க வேண்டும். எங்கள் தம்பியின் காருக்குத் தட்டு, பிரஷர் பிளேட், பெயாரிங் மூன்றும் சேர்ந்த பெட்டி 130 பவுண். மிச்சம் முழுவதும் உழைப்பின் விலை. அது நியாயமான விலைதான். கராஜ்காரரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உழைப்பை ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவருக்குக் கொடுக்க முடியும்.

ஒரு சனிக்கிழமை காலை அவருடைய வீட்டுக்கு முன்னால் கூடினோம். பின் சில்லுகளுக்கு அடை வைத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கியவுடன் ஒருவர் கீழே போகக் குனிந்தார். முன்பு ஊரில் கராஜ் வைத்திருந்த எங்கள் சபை மாமா ஒருவர் அப்போதுதான் வந்து இறங்கினார்.

"டேய் தம்பி, வெளியாலை வா! ஜாக்கி தூக்கிறதுக்கு மட்டும்தான், தாங்கிறதுக்கு இல்லை."

அதற்குப் பிறகு அக்ஸில் ஸ்டாண்ட் எனப்படும் இரும்புத் தாங்கிகள் இரண்டையும் சீமெந்துத் தரையில் வைத்து, காரை அவற்றில் இறக்கி, ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவர் ஒருவரைக் கீழே விட்டார். ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் ஒரு நொடியில் கார் இறங்கிவிடும். அன்று மாமா பத்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் இன்னும் யோசிக்கிறோம். தனியாகச் செய்ய வேண்டாம் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

பற்றரி வயரைக் கழற்றி, கியர் பொக்ஸ் எண்ணெயை வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் இழுத்தெடுத்து, எஞ்சினை மேலிருந்து ஒரு குறுக்குச் சட்டத்தில் தூக்கிப் பிடித்தபின் கியர் பொக்ஸை இறக்கினோம். அந்தப் பாரத்தை ஒருவர் நெஞ்சில் வாங்கி இறக்க நினைப்பது பைத்தியக்காரத்தனம். உள்ளே இருந்த தூசியை ஊதவேண்டாம் என்றார் மாமா. பழைய கார்களின் தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. பிரித்தானியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். ஈரத் துணியால் துடைத்தோம்.

புதிய தட்டை நடுவில் பிடிக்கும் கருவியால் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். டோர்க் ஸ்பானரைப் பிடித்தது எங்கள் தங்கச்சி ஒருவர். கணக்கு வைத்து இறுக்கும் பொறுமை எங்களில் அவருக்குத்தான் இருந்தது. "பெடியன்களின்ரை வேலை" என்று யாராவது சொன்னால் இனி நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம்.

இரவு எல்லாம் பூட்டி முடிந்தது. பெடலை மிதித்தால் கியர் விழவில்லை! குழுவில் போட்டிருந்த படங்களைப் பார்த்து ஜெர்மனியிலிருந்து ஒரு மச்சாள் எழுதினார்: "தட்டிலை கியர் பொக்ஸ் பக்கம் எண்டு ஜெர்மனிலை அடிச்சிருக்கு. அந்தப் பக்கத்தை ஏன் எஞ்சினுக்குப் போட்டனீங்கள்?"

வெட்கமாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம். நல்லவேளையாகத் தட்டு பழுதாகவில்லை. இரவு 9 மணிக்குக் கார் ஓடியது. திங்கள் விடிய தம்பி வேலைக்குப் போனார். தனியாக இருந்திருந்தால் அவர் சனி இரவே மனம் விட்டிருப்பார்.

இனி மின்சாரக் கார்தானே, அதில் கிளச்சே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மை. ஆனால் எங்கள் வயதில் கைக்கு எட்டும் பழைய சிறிய கார்களில் அநேகமானவை இன்னும் மனுவல்தான்.

எல்லாக் காரையும் தொடவேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. மட்டமான உறுதியான தரை இல்லையா, திங்கட்கிழமைக்கு மாற்றுவழி இல்லையா, செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லையா, கராஜுக்கே கொடுங்கள். கழற்றுமுன் கிளச்தான் பழுதா என்றும் பாருங்கள்: முன்னால் ஆள் இல்லாத இடத்தில் கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் பெடலை மெதுவாக விடுங்கள். நல்ல கிளச் என்றால் எஞ்சின் உடனே நின்றுவிடும். வடித்த எண்ணெயைக் கானுக்குள் ஊற்றாமல் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள். ஓடும்போது பெடலில் காலை ஓய்வாக வைக்காதீர்கள். மேட்டில் கிளச்சால் காரைப் பிடித்து நிற்காதீர்கள். தம்பியின் தட்டு தேய்ந்ததும் இந்தப் பழக்கங்களால்தான் என்றார் மாமா.

சபைக் குழுவிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. இரண்டு நல்ல தாங்கிகள், ஒரு ஜாக்கி, ஒரு டோர்க் ஸ்பானர் இவற்றை வாங்கி மண்டபக் களஞ்சிய அறையில் வைப்போம். தேவையானவர் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். எடுக்கும்போது கூட வரும் இன்னொருவரின் பெயரையும் எழுதட்டும். மாமாவிடம் கேட்டோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சொல்லித்தர அவர் தயார். பதினெட்டு வருடமாக எங்களோடு தேநீர் குடிக்கிறார். அவருக்கு என்ன தெரியும் என்று இதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.