வட்டி பெரிதா? முதல் பெரிதா?

செல்போனில் சேமிப்புக் கணக்கு தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

மும்பை நகரம். 2025-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி. நியூ இந்தியா கூட்டுறவு பாங்கின் கிளைகள் முன் கூட்டம் கூடியது. எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி. போட்ட பணம் திரும்பக் கிடைக்குமா?

முந்தின நாள்தான் அந்தப் பாங்குக்கு ரிசர்வ் பாங்கு தடை போட்டது. சேமிப்புக் கணக்கில் இருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்ற நிலை. இரண்டு வாரம் கழித்துத்தான், தலைக்கு ரூ.25 ஆயிரம் வரை எடுக்க அனுமதி கிடைத்தது. ஆகஸ்டு மாதம் அது சாரஸ்வத் கூட்டுறவு பாங்குடன் இணைக்கப்பட்டது. முதல் தப்பியது. ஆனால் அதுவரை பட்ட தவிப்புக்கு வட்டி யார் கொடுப்பார்கள்?

7 சதவீத ஆசை

இன்று கணக்கு தொடங்க பாங்குக்குப் போகவேண்டியது இல்லை. ஆதார் எண், பான் எண், செல்போனில் முகம் காட்டுதல். வேலை முடிந்தது! "7 சதவீத வட்டி" என்ற விளம்பரமும் அதே செல்போனில் வருகிறது.

பெரிய பாங்குகள் பலவும் 2025-ல் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்துவிட்டன. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு ரூ.2,500. அதுவே 7 சதவீதம் என்றால் ரூ.7,000. ஆசை வருவது இயற்கைதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2011 அக்டோபர் முதல், சேமிப்பு வட்டியை அந்தந்தப் பாங்கே முடிவு செய்யலாம். பெரிய பாங்குக்குப் பணம் தானாக வருகிறது. புதிய பாங்கும், சிறிய பாங்கும் வட்டி காட்டித்தான் ஆட்களை அழைக்கவேண்டும். வாங்கிய பணத்தை அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தால்தான் அவற்றுக்குக் கட்டுபடியாகும். அத்தகைய கடனில் ஆபத்தும் சற்று அதிகம். ஆகவே, கூடுதல் வட்டி மோசடி அல்ல. இனாமும் அல்ல.

ஐந்து லட்சம் வரை அபயம்

1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. ஏராளமான குடும்பங்கள் பரிதவித்தன. அதன் பிறகே டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது. 1962-ல் அதன் உச்சவரம்பு வெறும் ரூ.1,500. 1993-ல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். இதற்கான பிரீமியத்தை பாங்கே கட்டுகிறது. டெபாசிட் போட்டவர் காலணா கட்டவேண்டாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 5 லட்சம் என்பது ஒரு கணக்குக்கு அல்ல. ஒரு பாங்கில் ஒருவர் பெயரில் உள்ள எல்லாக் கணக்குக்கும் சேர்த்து, அசலும் வட்டியும் அடங்கலாக 5 லட்சம். ஒரே பாங்கின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மொத்தம் 5 லட்சம்தான். இரண்டு வெவ்வேறு பாங்குகளில் போட்டால் தனித்தனியே 5 லட்சம்.

பாங்குக்கு ரிசர்வ் பாங்கு தடை போட்டால், 90 நாட்களுக்குள் இந்தத் தொகையைக் கொடுக்கவேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது.

அதற்கு மேல் போட்டவர் கதி என்ன? மும்பையின் பி.எம்.சி. பாங்கு 2019-ல் முடங்கியது. முதலில் தலைக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். 2022-ல் அது வேறொரு பாங்குடன் இணைந்தது. பெருந்தொகை போட்டிருந்தவர்களுக்கு மீதிப் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. கடைசித் தவணைக்குப் பத்து ஆண்டு!

எல்லா இடத்திலும் அப்படி ஆவதில்லை. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கு 2020 நவம்பரில் தடைக்கு உள்ளானது. பத்தே நாளில் டி.பி.எஸ். பாங்குடன் இணைந்தது. டெபாசிட் முழுவதும் தப்பியது. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இன்சூரன்ஸ் இல்லாத இடம்

வணிக பாங்கு, சிறு நிதி பாங்கு, கூட்டுறவு பாங்கு ஆகியவற்றுக்கு இன்சூரன்ஸ் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கும், நிதி கம்பெனிக்கும், சீட்டுக்கும் இந்த இன்சூரன்ஸ் இல்லை. செல்போன் "ஆப்" என்பது பாங்கு அல்ல. அதன் பின்னால் பணத்தை வைத்திருக்கும் பாங்கு எது என்று கேட்கவேண்டும். பதில் இல்லை என்றால், பணமும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு வேறு வகை. 2025-ல் அதன் வட்டி 4 சதவீதம். அங்கே போட்ட பணம் முழுவதற்கும் மத்திய அரசே பொறுப்பு.

சின்ன எழுத்துக் கணக்கு

"7 சதவீதம்" என்ற பெரிய எழுத்தின் கீழே சின்ன எழுத்து இருக்கும். முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் உள்ள தொகைக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் போட்டால் கிடைப்பது ரூ.6,500. அதாவது 4⅓ சதவீதம்! இருப்பு குறைந்தால் அபராதம் உண்டா என்பதும் அங்கேயே இருக்கும்.

போலி இணையதளங்களைத் தடுக்க, எல்லா பாங்குகளும் தங்கள் முகவரியை "பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்றவேண்டும் என ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. அதற்குக் கெடு 2025 அக்டோபர் 31. முகவரியின் வாலைப் பார்ப்பது நல்லது. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

முதல் கேள்வி

"வட்டி எவ்வளவு?" என்பது இரண்டாவது கேள்வி. "நாளை இந்தப் பாங்கு முடங்கினால், என் பணத்தை யார், எவ்வளவு, எப்போது தருவார்கள்?" என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த பிறகு, 5 லட்சத்துக்குள் போட்டு, கூடுதல் வட்டி வாங்குவதில் தவறே இல்லை. முதல் இருந்தால்தானே வட்டி!