ஒரே வீதியில் இரண்டு ஆலயங்கள்

கோடியக்கரையின் உவர்நிலத்தில் மார்கழித் திங்களில் நின்று நோக்குவார், பூநாரையும் உள்ளானும் ஒரே சேற்றில் இரை தேர்வதைக் காண்பர். அக்கரையினின்று வடக்கு நோக்கிச் சென்றால் வேதாரணியம், வேளாங்கண்ணி, நாகூர் எனச் சமயத்திற்கு ஒரு திருத்தலம் எதிர்ப்படும். வேற்றுச் சமயத்தாரோடு கூடி வாழ்தல் இந்நெய்தல் நிலத்தார்க்குப் புதிதன்று. ஆயின் ஒரே சமயத்தின் உட்பிரிவினர் தமக்குள் கூடுதல் அதனினும் அரிது என்பது நம் கருத்து. விருந்தினனுக்குத் திண்ணையை விடுவது எளிது. பங்காளியோடு அடுக்களையைப் பகிர்வதே கடினம். இஃது எச்சமயத்தார்க்கும் பொருந்தும்.

அக்கடற்கரையிலேயே இன்னும் வடக்கே உள்ள தரங்கம்பாடி இதற்குத் தக்க சான்று. அங்கு ராஜ வீதியில் 1701-இல் டேனியர் எழுப்பிய சீயோன் ஆலயமும், சீகன்பால்கு காலத்தில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. முன்னது இன்று தென்னிந்தியத் திருச்சபைக்கு உரியது. பின்னது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது.

தொடக்கத்தில் இவ்வேலி இத்துணை உயரமாக இருந்ததில்லை. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்சு, லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். எனினும் திருச்சியிலும் தஞ்சையிலும் அவர் ஆற்றிய பணியைத் தாங்கியது ஆங்கிலத் திருச்சபை சார்ந்த ஒரு சங்கம். ஆங்கிலேயப் படைவீரர்க்கும் தமிழ்ச் சபையார்க்கும் அவர் ஒருவரே குரு. 1798-இல் தஞ்சையில் மறையும் வரை அவர்தம் பட்டம் அப்பணிக்குத் தடையாகவில்லை. அடுத்த நூற்றாண்டில், பேராயர் கைவைத்தளித்த பட்டமே பட்டம் என்னும் கொள்கை வலுத்தது. நெல்லைச் சீமையில் பணியாற்றிய லுத்தரன் குருவாகிய இரேனியுசு 1835-இல் தம் சங்கத்தினின்று பிரிய நேர்ந்ததற்கு இப்பட்டச் சிக்கலும் ஒரு காரணம்.

இழந்ததை மீட்கும் முயற்சியும் தரங்கம்பாடியிலேயே தொடங்கிற்று. 1919 மே திங்களில் அங்குக் கூடிய 33 பேரில் 31 பேர் இந்தியர். ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகிய அசரியா அவர்களுள் தலையாயவர். மேலை நாட்டில் விளைந்த பிரிவினையை நாம் ஏன் சுமத்தல் வேண்டும் என்பதே அவர்தம் வினா. விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, 1945-இல் மறைந்துவிட்ட அசரியா அதனைக் காணவில்லை.

அவ்வொன்றிப்பில் நாம் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. முன்னரே பட்டம் பெற்ற குருமார் எவரும் மீண்டும் பட்டம் பெற வேண்டியதில்லை. இனிப் பெறுவோர் பேராயர்வழிப் பெறுவர் என முடிவு செய்தனர். பழக்கமில்லாத வழிபாட்டு முறையையோ, மனச்சான்று ஏற்காத குருவையோ எச்சபைமீதும் திணிப்பதில்லை என உறுதியும் அளித்தனர். எவரையும் தாழ்த்தாமல் கூடியமையாலன்றோ அக்கூட்டு நிலைத்தது!

ஆயின் லுத்தரன் சபையார் அதில் சேரவில்லை. தரங்கைப் பேராயர் என்றே தம் தலைவரை அழைக்கும் சபை, தரங்கம்பாடியில் எழுந்த அழைப்பிற்கு வெளியே நின்றது. 1948-இல் தொடங்கிய பேச்சுகள் கோட்பாட்டில் நெருக்கம் தந்தன, ஒன்றிப்பைத் தரவில்லை. பேச்சு செய்யாததைப் பணி ஓரளவு செய்துள்ளது. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் இறையியல் கல்லூரியை இவ்விரு மரபினரும் கூடியே நடத்துகின்றனர். கத்தோலிக்கரும் ஏனைச் சபையாரும் இணைந்து பெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. அதனைக் கத்தோலிக்கர் வழிபாட்டிலே கொண்டனர். சீர்திருத்தச் சபைகளுள் பெரும்பாலானவற்றில் இன்றும் பழைய பெயர்ப்பே ஒலிக்கிறது. கூடி உழைத்தவர் கூடி ஓதவில்லை. தமிழ் பயில்வார்க்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

மீண்டும் ராஜ வீதிக்கு வருவோம். சட்டவழி ஒன்றிப்பு வருங்கால் வரட்டும். ஆண்டுதோறும் மே திங்களில் ஒரு ஞாயிறு, ஈராலயத்தாரும் ஓராலயத்தில் கூடி, மற்றையோரின் குரு திருவிருந்து படைக்க அதனை ஏற்றல் இயலாததன்று என எண்ணுகிறோம். எவர் முறைப்படி வழிபடுவது என்னும் வினா உடனே எழும். ஓராண்டு சீயோனில் சீயோன் முறைப்படி, மறு ஆண்டு எருசலேமில் எருசலேம் முறைப்படி. நடந்து செல்லும் தொலைவுதானே!